ராசாங்கம் எதிர் ஜெயலட்சுமி

பெரம்பலூர் கோர்ட்டுக்கு எதிரே பிச்சைமுத்து அண்ணனின் டைப்பிங் கடை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. யாரிடமும் அதிகம் பேசவேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வக்கீல்கள் கையால் எழுதிய தாளைக் கொடுப்பார்கள். நான் தலை நிமிராமல் அடித்துக் கொடுப்பேன்.

1999 ஆவணியில் இளம் வக்கீல் நந்தினி அக்கா ஒரு எழுத்துப்பூர்வ வாதத்தைக் கொண்டுவந்தார். சீனியர் இல்லாமல் அவர் தனியாக நடத்தும் முதல் வழக்கு. கட்சிக்காரர் ரஞ்சன்குடி செல்வம்மாள். குடித்துவிட்டு அடித்த புருஷனை விட்டு வந்து, பருத்தி எடுக்கப் போய்ப் பிழைக்கிறவர். தனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது, அவள் கூலிக்குப் போகிறவள், ஐந்து வயது மகள் அனிதாவைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தப் புருஷன் மனுப் போட்டிருந்தான்.

"வேம்பு, அஞ்சு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும்மா. ஒன்ன நம்பித்தான் இருக்கேன்."

பதினொரு பக்கம். கடைசியில் வழக்குகளின் மேற்கோள்கள் வரிசையாக வந்தன. அந்த வடிவம் எனக்கு மனப்பாடம். இரண்டு பெயர், நடுவில் 'எதிர்', பிறகு ஆண்டு, புத்தகம், பக்கம். ஆறாவது மேற்கோள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ராசாங்கம், ஜெயலட்சுமி என்று இரண்டு பெயருக்கு நடுவில் வெறும் காற்புள்ளி. அவசரத்தில் அக்கா 'எதிர்' போட மறந்துவிட்டார் என்று நினைத்து நானே போட்டேன். பெயர்களுக்கு அடுத்து, 'ஏழைத் தாயும் குழந்தையின் நலனும்' என்று மேற்கோள் குறிக்குள் ஒரு வரி. வக்கீல்கள் தங்கள் ஞாபகத்துக்காக இடையில் இப்படி ஏதாவது எழுதி வைப்பார்கள், நாங்கள் அதை அடிப்பதில்லை. அதையும் விட்டேன். அக்கா ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கோர்ட்டுக்கு ஓடினார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். கறுப்பு கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ராசாங்கம் எதிர் ஜெயலட்சுமின்னு ஒரு தீர்ப்பே கெடையாதுங்கிறார் எதிர்த்தரப்பு இளையபெருமாள் சார். நான் பொய்யா ஒரு கேஸ உண்டாக்கிட்டேனாம். மூணு மணிக்கு விளக்கம் சொல்லணும். இல்லன்னா மொத்த வாதத்தையும் பாக்க முடியாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். அண்ணே, நான் எழுதுன தாள எடுங்க."

பிச்சைமுத்து அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "வந்தது வந்தபடிதான் அடிப்போம் மேடம். ஒங்க கையெழுத்து அப்படி இருந்துருக்கும்" என்றார்.

தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அண்ணன் எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தது. நான் தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

"நான்தான் மாத்துனேங்க்கா."

அக்கா இரண்டையும் ஒத்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பாவம் வேம்பு அந்த ரெண்டு பேரும். ஒரே காலேஜுல பாடம் நடத்துறவங்க, ஒண்ணா ஒக்காந்து எழுதுன கட்டுரை. அவங்களுக்குள்ள கேஸு போட வச்சிட்டியே."

"சண்டக்காரங்கன்னு நெனச்சுட்டேங்க்கா."

"அதான, இங்க வர்ற எந்த ரெண்டு பேரும் சண்டக்காரங்கதான்" என்றார் அண்ணன்.

அக்கா பைக்குள்ளிருந்து கட்டுரையின் ஜெராக்ஸை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது சட்ட இதழ்ல வந்தது. தீர்ப்பு இல்ல. அதனால மொதல்ல எழுதுனவங்க பேரு. அப்பறம் கட்டுரையோட தலைப்பு, மேற்கோள் குறிக்குள்ள. அப்பறம் தொகுதி எண், இதழோட பேரு. பக்கம் நாப்பத்தஞ்சுன்னா அங்க கட்டுரை ஆரம்பிக்குது. அடுத்து அம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கேன்ல, நம்ம சொல்ற விஷயம் அங்க இருக்கு. கடைசியா வருஷம், அடைப்புக்குள்ள. படிக்கிறவங்க நேரா அந்தப் பக்கத்துக்குப் போயிடணும், அவ்வளவுதான்."

ஐம்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். தாயின் வறுமை குழந்தையைப் பிரிக்கக் காரணமாகாது, குழந்தை யாரிடம் ஒட்டியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று இருந்தது. பதினொரு பக்கம் அடித்தபோது எல்லாம் எனக்கு வெறும் எழுத்தாகத்தான் இருந்தது. இப்போதுதான் அதை ஒரு அம்மாவையும் பிள்ளையையும் பற்றியதாகப் படித்தேன்.

பிழையை விளக்கும் திருத்த மெமோவை அடித்து முடித்ததும், "நீயும் வா. கேட்டா சொல்லணும்" என்றார் அக்கா.

கோர்ட் வராந்தாவில் செல்வம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் அனிதா படுத்து, அம்மாவின் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். அவர்களைத் தாண்டிப் போக எனக்குக் கால் கூசியது.

உள்ளே ஜட்ஜ் மெமோவைப் படித்தார். "யாரு அடிச்சது?"

"நான்தாங்கய்யா." கம்மிய குரலில்தான் சொன்னேன். அவர் காதுக்குப் போயிருக்காது என்று நினைத்து மறுபடி சொன்னேன். "ரெண்டு பேரு இருந்தா கேஸுன்னு நெனச்சுட்டேங்கய்யா. அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க."

ஜட்ஜ் கையெழுத்துத் தாளையும் வாங்கிப் பார்த்தார். "இனிமே இருக்கறத மட்டும் அடி. வக்கீலம்மா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிங்க."

இளையபெருமாள் சார் எழுந்தார். "கட்டுரை தீர்ப்பாகாதுங்கய்யா. கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது."

"கட்டுப்படுத்தாதுதான். படிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி, கட்டுரையை ஐம்பத்தொன்றாம் பக்கம் மேலே வரும்படி மடித்து வைத்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து உத்தரவு. நான் கடையிலிருந்து வந்து கதவோரம் நின்றேன். ஆங்கிலத்தில் ஒரே நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள். அடுத்த வழக்கிலும் அக்கா ஆஜராக வேண்டியிருந்தது, நகர முடியவில்லை. கதவுக்கு வந்து என் காதில் சொல்லிவிட்டு, "அவங்ககிட்ட நீ போய்ச் சொல்லிடு" என்று உள்ளே திரும்பினார்.

செல்வம்மாள் சுவரோடு சாய்ந்திருந்தார். பிள்ளை தோளில் தூங்கிவிட்டிருந்தாள். நான் எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒங்ககிட்டயே இருக்கும்."

"என்னாது?"

"அனிதா. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழம அவங்கப்பா வந்து பாத்துட்டுப் போவாரு. அவ்வளவுதான்."

அவர் பிள்ளையின் முதுகைத் தடவி, "எந்திரி சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நம்ம வூட்டுக்குப் போவோம்" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் அவருடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன்.