இரண்டு சொட்டுப் பசை

என் வீட்டுக்காரர் தச்சர். கட்டிலோ கதவோ, பசை போட்டு இறுக்கிக் கட்டினால் ஒரு நாள் முழுக்க யாரையும் தொடவிடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அவர் கை நரம்பில் செருகிய ஒரு மருந்துக் குழாய் தங்க மறுத்தது. முதல் குழாய் காய்ச்சல் வியர்வையில் பிளாஸ்திரி நனைந்து உருவிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது, நான் கண்ணசந்த நேரத்தில் போனது. அந்தக் குற்றவுணர்ச்சி என்னைத் தின்றது.

இன்று காலை வலது மேற்கையில் மூன்றாவதைப் போட்டார்கள். இதுவும் போனால் கழுத்தில்தான் குத்தவேண்டும் என்றார் டாக்டர். மருந்தோ இன்னும் நான்கு வாரம் ஏறவேண்டும்.

நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். "இது தோலுக்குன்னே உள்ள பசை சார். குழாய் உள்ளே போற இடத்துல ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டா? அதுல ஸ்டூல் காலே நிக்காதும்மா," என்றார் இவர்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றேன்.

சொட்டுவிட்டு, காயும்வரை காத்திருந்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். "குழாய்ல மூணாம் நம்பர் கோடு வெளியே தெரியுது பாருங்கக்கா. அது நகரக் கூடாது."

மதியம் நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மனிதர் கட்டிலைவிட்டு இறங்கியிருக்கிறார். குழாய் கட்டில் கம்பியில் மாட்டி வெடுக்கென்று இழுத்துவிட்டது. நான் வந்தபோது பிளாஸ்திரி பாதி கிழிந்து தொங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"கால்ல வெந்நீரையா ஊத்திக்கிட்டு நின்னீங்க? ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியாதா?"

நர்ஸ் ஓடிவந்து குனிந்து பார்த்தாள். "மூணுலயேதான் நிக்குது. இம்மிகூட நகரல." உப்புத்தண்ணீர் ஏற்றிப் பார்த்தாள். தடையில்லாமல் போனது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி பசைம்மா இது?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

புதுப் பிளாஸ்திரி ஒட்டி அவரைப் படுக்கவைத்தோம். அவர் கண்ணை மூடியதும், மணிக்கட்டைப் பிடிக்காமல் நாற்காலியில் சாய்ந்தேன்.

"குழாயைத்தான் பசை பிடிச்சுக்குதே," என்றார் கண்ணைத் திறக்காமலே. "நீ எதுக்குக் கையை எடுத்த?"

திரும்பவும் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே நன்றாகத் தூங்கிவிட்டேன்.