ஓட்டைக் காலணாவில் மூன்று புள்ளி

“இத்தப் பாரு ரேகா. கல்லுன்னு தூக்கிக் கடாச இருந்தேன்.”

படகு ஓட்டும் பொன்னுரங்கம் உள்ளங்கையை விரித்தார். எண்ணூருக்கு நேரே இழுத்த வலையில், சேற்றோடும் சிப்பியோடும் வந்ததாம். கறுத்து, பச்சை பூத்து, மேலே சுண்ணாம்பு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் நைலான் கயிற்றின் முடிச்சு.

“ஓட்டைக் காலணா” என்றாள் ரேகா.

“அதான் கொண்ணாந்தேன். நம்ம வெற்றி இடுப்புல கட்டிக்கினு இருந்தான் இல்ல?”

வெற்றி ரேகாவின் புருஷன். பதினாலு மாதத்துக்கு முன் அதே பக்கத்தில் படகிலிருந்து விழுந்தவன். உடல் கரை ஒதுங்கவில்லை. தாலியைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்று குப்பத்தில் அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

“குப்பத்துல பாதிப் பேரு அரணாக்கவுத்துல காலணாதான்” என்றாள் மாமியார் பச்சையம்மா, எழுந்து வராமலே. “எம்புள்ளதுல மூணு புள்ளி இருக்கும். மொத ரெண்டும் தங்கல, மூணாவதா நின்னவன்னு ஆசாரியாண்ட சொல்லி அடிச்சேன். புள்ளி இருந்தா அவன். இல்லாங்காட்டி எவனோ.”

ராயபுரத்தில் பழைய நாணயம் விற்கும் தௌசீஃப் பாய் அதைப் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தேய்ச்சீங்களாம்மா?”

“இல்ல பாய்.”

“நல்ல வேளை. தேய்ச்சிட்டு வந்து அழுவுறவங்கதான் எனக்குப் பாதி கஸ்டமரு. உப்புல ஊறுன செம்பும்மா இது. எழுத்து, அடையாளம் எல்லாம் மேல்தோல்லதான் மிச்சம் இருக்கும். தோல் போச்சுன்னா எல்லாம் போச்சு.”

“அப்ப எப்டி பாக்குறது?”

“பேட்டரிக்கு ஊத்துற தண்ணி பெட்ரோல் பங்க்ல கிடைக்கும். குழாத் தண்ணி ஆவாது. அதுல போட்டு தினம் மாத்துங்க. ஒரு வாரம் போனா ஆலிவ் எண்ணெய்ல ஊறட்டும். அழுக்கு தானா இளகும். அப்புறம் கொண்டாங்க, மூங்கில் குச்சியால நான் எடுக்குறேன். புளி, எலுமிச்சை, பவுடர் எதுவும் கூடாது. துணியால துடைக்கக்கூட வேணாம், ஒத்தி எடுங்க.”

“எத்தினி நாளு?”

“ஒரு மாசம் வெச்சுக்குங்க. அவசரப்பட்டா அது பேசாதும்மா.”

ஒரு வாரம் தண்ணீர் மாற்றினாள். எட்டாம் நாள் மருந்துக் கடையில் சின்னப் புட்டி எண்ணெய் வாங்கி வந்து கிண்ணத்தில் ஊற்றினாள்.

“காசுக்கு ஆலிவ் எண்ணெ குளியலா?” என்றாள் பச்சையம்மா. “எம்புள்ள கல்யாணத்துக்கே நல்லெண்ணெதாம்மே வெச்சேன்.”

“தொடாத அத்தே.”

“நான் ஏன் தொடப்போறேன்?”

கிண்ணம் அலமாரியில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் சோறு தின்றார்கள். பதிமூன்றாம் நாள், வியாழக்கிழமை, ரேகா ஐஸ் கம்பெனியிலிருந்து திரும்பியபோது பச்சையம்மா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விளக்கு, புளி, செங்கல் தூள். கை முழுக்கப் பச்சைக் கறை.

“இன்னா அத்தே பண்ணே?”

“வெள்ளிக்கெழமைக்கு வெளக்கு தேய்க்க உக்காந்தேன்…”

“காசு எங்க?”

பச்சையம்மா விரலைப் பிரித்தாள். புதுச் செம்பு போல ரோஸ் நிறத்தில், வழவழவென்று ஒரு வளையம்.

“கொஞ்சமாத்தான் தேச்சேன் ரேகா. ஒரு புள்ளி தெரிஞ்சுது. இன்னொண்ணும் தெரிஞ்சுது. சத்தியமா. ரெண்டாச்சே, மூணாவது இருக்குதா பாக்கலாம்னு இன்னும் கொஞ்சம்…”

“அப்புறம்?”

“அப்புறம் அந்த ரெண்டும் காணல.”

ரேகா கத்தியிருந்தால் தேவலாம் என்று பச்சையம்மா பிறகு பொன்னுரங்கத்திடம் சொன்னாள்.

மறுநாள் இருவருமே கடைக்குப் போனார்கள். பாய் காசைக் கண்ணாடிக்கடியில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

“ரெண்டு புள்ளி பாத்தேன் நைனா” என்றாள் பச்சையம்மா.

“பாத்திருப்பீங்கம்மா. ஆசாரி அடிச்சதா இருக்கலாம். உப்பு அரிச்ச குழியும் அப்டித்தான் இருக்கும்.”

“எதுன்னு சொல்ல முடியாதா?” என்றாள் ரேகா.

“இனிமே யாராலயும் முடியாது.”

“வேற எங்கயாச்சும், மிஷின் வெச்சு…”

“இல்லாதத எந்த மிஷின் காட்டும்மா?”

அவர் அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ரேகா வாங்கவில்லை. பச்சையம்மா வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

“மூணாவது இருந்திருக்கும் இல்ல?” என்றாள் பச்சையம்மா.

“இருந்திருக்கும்.”

“இல்லாமயும் இருந்திருக்கும்.”

“ஆமா அத்தே.”

“அப்ப நீ தாலிய இன்னா பண்ணப்போறே?”

ரேகா லாரிகளுக்கு அப்பால் பார்த்தாள்.

“நேத்து இன்னா பண்ணேனோ அத்தத்தான்.”

பஸ் வந்தது. படியில் ஆட்கள் தொங்கினார்கள்; நிற்காமல் போயிற்று. இருவரும் அடுத்ததற்கு நின்றார்கள்.