பளீலின் மணப்பெண்

கல்முனையில் றவூபின் வீடியோக் கடையில் ஆறு வருடம் மாடாய் உழைத்தவன் பளீல். அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில், பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண்கள் கேமராவோடு நுழைய முடியாது. மாப்பிள்ளையைப் பளீல் எடுப்பான். மணப்பெண்ணை நீலத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து ராத்தா என்று அவன் அழைக்கும் அக்கா எடுத்துத் தருவாள். பிறகு அவன் வீடியோ மிக்ஸர் மெஷினில் நீலத்தை அழித்து, இருவரையும் ஒரே ஊஞ்சலில் ஆடவைப்பான். ஒட்டுப்போட்ட இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. பேரெல்லாம் றவூபுக்கு. மெஷினைத் தூசி தட்டக்கூடத் தெரியாத மனுசன்!

தொண்ணூற்றாறில் கொழும்பில் ஒரு விளம்பர ஸ்டூடியோ, இந்த எஃபெக்ட் வேலைக்கு ஒரே ஒரு ஆள் தேடியது. செய்த வேலையை மாதிரிக் கசெட்டாக அனுப்பச் சொன்னது. பளீல் ஐந்து மாதம் உழைத்து ஒரு கசெட் செய்தான். அடுத்தவன் வீட்டு மணப்பெண்ணை வெளியாட்களுக்குக் காட்டுவது நம்பிக்கைத் துரோகம். அதனால் ராத்தாவின் கூறைச் சேலையைச் சுற்றி, முக்காட்டை மோவாய்வரை இழுத்து, கையில் மருதோன்றியும் வைத்து, தானே மணப்பெண்ணாக உட்கார்ந்தான்; மாப்பிள்ளைக்கு ஒரு கூட்டாளியைப் பிடித்தான்.

கொழும்புக்குப் போன றவூபிடம் அதைக் கொடுத்தனுப்பினான். அதுதான் அவன் செய்த மடத்தனம். ஒரு மாதம் கழித்து வந்த நேர்முகக் கடிதத்தில் றவூபின் பெயர் இருந்தது.

"கடை என்ட, மெஷின் என்ட, கசெட்டும் என்ட. கலியாண ஓடரும் இப்ப இல்ல. நீயும் கூட வா, மெஷினப் பத்திக் கேட்டா எடுத்துச் சொல்லு" என்றான் றவூப், வெட்கமே இல்லாமல்.

கத்தினால் அது கடைக்குள்ளேயே முடிந்துவிடும், கொழும்பில் யாருக்கும் கேட்காது என்று பளீல் கணக்குப் போட்டான்.

"அந்த மணப்பொண்ண நல்லாப் பாத்தீங்களா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"அந்நியப் பொம்புளைய உத்துப் பாக்கிற பழக்கம் எனக்கில்ல."

பளீல் தலையாட்டினான். வெட்டாத மூலக் கசெட்டைப் பத்திரமாகப் பையில் வைத்தான்.

நேர்முக நாளன்று கொழும்பில், ஸ்டூடியோ முதலாளி அருளம்பலம் வீடியோ டெக்கில் மாதிரிக் கசெட்டைப் போட்டார். சுற்றிவர அவருடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர். ஊஞ்சல் ஆடியது.

"அருமையான வேலை. முழுக்க நீங்கள் செய்ததா?"

"ஓம் சேர். எடுத்ததும் நான், சேர்த்ததும் நான்."

"மணப்பெண் யார்?"

யோசிக்காமல் றவூப் அளந்தான்: "என்ட மச்சினி சேர். வேற ஆரும் படம் எடுக்க விடுவாங்களா? சொந்தம் எண்டபடியா எடுத்தன்."

இந்த ஒரு பொய்க்காகத்தான் பளீல் ஒரு வாரம் பல்லைக் கடித்திருந்தான். அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"சேர், நீலத்த அழிக்க முந்தி எடுத்த கசெட்டும் இரிக்கி. அதப் பாத்தாத்தான் வேலையிட அருமை தெரியும்" என்றான்.

"இதைத்தான் நானே கேட்க இருந்தேன். போடு தம்பி."

றவூப் அவன் கையைப் பிடித்தான். "அது என்னத்துக்குடா இப்ப?" பளீல் கையை உதறிவிட்டுக் கசெட்டைத் தள்ளினான்.

நீலத் துணிக்கு முன்னால் மணப்பெண் நாணத்தோடு குனிந்திருந்தாள். பிறகு எழுந்தாள். முக்காட்டை ஒரே இழுப்பில் கழற்றி எறிந்தாள். பளீலின் அடர்ந்த மீசை திரை நிறைய வந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நடந்துவந்து, கேமராவை அவனே அணைத்தான்.

ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அருளம்பலம் மட்டும் சிரிக்கவில்லை. பளீலை ஏற இறங்கப் பார்த்தார்.

"திங்கட்கிழமை வேலைக்கு வரலாமா?"

"இண்டைக்கே இருக்கிறன் சேர்."

றவூபின் முகம் செத்துப் போயிருந்தது. "ஊருக்குள்ள சொல்லிராதடா பளீல்" என்று முணுமுணுத்தான்.

றவூபின் பையை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பளீல் சொன்னான்:

"போயிட்டு வாங்க மச்சான். உங்கட மச்சினி இனி இங்கதான் இருப்பா."