நீல நிலாவுக்கு ரீவொர்க்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து ஜப்பானுக்கு அனுப்புவார்கள். முடிந்த கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘ஓகே’ என்றோ தப்பிருந்தால் ‘ரீவொர்க்’, அதாவது பிரித்துத் திரும்பச் செய் என்றோ கத்துவது என் வேலை. கத்தத்தான் வேண்டும்; மெஷின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் யார் காதிலும் விழாது. எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

2006-இல் எச்.ஆர். மாதவன் சாருக்குத் திடீரென்று எங்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் ஆசை வந்தது. போர்டில் அன்றைய டார்கெட்டுக்குக் கீழே தினமும் ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடரை அர்த்தத்தோடு எழுதிவிடுவார். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் வெகு சுலபம். ‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் அபூர்வமாக எப்போதாவது. டார்கெட்டுக்குக் கீழே இருந்ததால் அதையும் நாங்கள் டார்கெட்டாகவே எடுத்துக்கொண்டோம். ஷிஃப்ட் முடிவதற்குள் ஆளாளுக்குப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். தப்பான இடத்தில் போட்டால் கேட்டவர் ‘ரீவொர்க்!’ என்று கத்துவார், வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் மொத்த லைனே கைதட்டும், சொன்னவர் திருத்திச் சொல்லியாக வேண்டும்.

என் பக்கத்து டேபிள் நஞ்சம்மா அக்காவுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். ஒருநாள், “எங்க மாமியாருக்கு ஒடம்பு பீஸ் ஆஃப் கேக்” என்றாள்.

“ரீவொர்க்!” என்று கத்தினேன்.

“சும்மா இருடி வினிதா. அந்தம்மா படுத்துக் கெடந்தா எனக்கு லேசுதானே?”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வயரை இடம் மாற்றிச் செருகிவிட்டு, நாங்களே உட்கார்ந்து பிரித்தோம்.

ஜப்பானிலிருந்து விருந்தாளி வரப்போகிறார் என்றதும் மாதவன் சார் என்னைக் கூப்பிட்டார். “அவருக்கு நீதான் லைனைச் சுத்திக் காட்டணும். நல்லாப் பண்ணினா பர்மனென்ட்டுக்கு உன் பேரைச் சொல்றேன். இல்லேன்னா மாசக் கடைசியோட உன் கான்ட்ராக்ட் முடியுது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

வேலை போனால் மூக்கண்டப்பள்ளி வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு தேனிக்கே திரும்ப வேண்டும். அங்கே மாமன் மகன் கல்யாணத்துக்குத் தயாராக நின்றான். நல்லவன்தான். ஆனால் எனக்குப் பிடித்தது இந்த வேலை, அவனில்லை.

ஹிராய் சார் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். கூடவே ஜி.எம்., மாதவன் சார், சிரித்தே பார்த்திராத எங்கள் சூப்பர்வைசர் நல்லுசாமி. மனப்பாடம் செய்ததையெல்லாம் மளமளவென்று ஒப்பித்தேன். ஹிராய் சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஒரு வயர்க் கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. போர்டில் எப்போது பார்த்தாரோ, “குட் ஒர்க்! ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்!” என்றார்.

“ரீவொர்க்!”

கத்தியது நான்தான். வாய் பழகிவிட்டது. லைனும் பட்டென்று கைதட்டியது; அவர்களுக்கும் கை பழகிவிட்டதே. ஜி.எம். முகம் வெளுத்தது. மாதவன் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனசுக்குள் தேனி பஸ் ஏறிவிட்டேன்.

ஹிராய் சார் பதறிப்போய் வயரைத் தடவினார். எங்கே குறை என்று கேட்டார்.

“வயர் ஓகே சார். மூன் ரீவொர்க்.”

போவது போகட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவர் சொன்னபடி பார்த்தால் எங்கள் வேலை எப்போதாவது ஒருநாள்தான் நன்றாக இருக்கும் என்று ஆகிவிடும். அதை எப்படி விடுவது? “திஸ் லைன் ஒர்க், எவ்ரி டே குட் சார். நல்லுசாமி சார் ஸ்மைல், ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.”

ஹிராய் சார் யோசித்தார். நல்லுசாமியை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து நல்லுசாமியும் சிரித்தேவிட்டார். அந்த மனிதருக்குப் பல் இத்தனை வரிசையாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? “ப்ளூ மூன்! ப்ளூ மூன்!” என்று ஹிராய் சார் அவரைக் காட்ட, மொத்த லைனும் “ஓகே!” என்று கத்தியது. நஞ்சம்மா அக்கா விசிலே அடித்தாள்.

சாயங்காலம் மாதவன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்; பயத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

“ஜப்பான்காரர் போறப்போ ஜி.எம்.கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. யார் பண்ணினாலும் தப்பைத் தப்புன்னு கத்துற பொண்ணு, செக்கிங்கை விட்டுப் போயிடக் கூடாதுன்னு. ஒண்ணாம் தேதியிலருந்து நீ பர்மனென்ட். ஏதாச்சும் சொல்லும்மா, இங்கிலீஷ்லயே சொல்லு.”

கண்ணீர்தான் வந்தது. “சார், எங்கம்மாகிட்ட சொல்லணும்” என்றேன்.

மேஜையிலிருந்த போனை என் பக்கம் தள்ளினார். வீட்டுக்கார அக்கா எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு வந்தார்.

“அம்மா,” என்று கத்தினேன், “நாம ஊருக்குத் திரும்பிப் போக வேண்டாம்மா!”