கிஷோர் வீட்டுப் பெயர்ப்பலகை

ஐந்து மணிக்குமேல் அந்தப் பொதுக் கணினி, பராமரிப்பு வேலைக்காக, பத்து நாளைக்குப் புது வேலை எதையும் வாங்காது. அதற்குள் கணக்கீட்டை ஓட்டாவிட்டால் உஸ்மாவின் ஆய்வேடு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். ஆவடிப் பக்கத்துக் கல்லூரி முழுக்க அந்த ஒரே கணினியில் தொங்கிக்கொண்டிருந்தது, காலை நேர லோக்கல் ரயில் மாதிரி.

மணி நாலு நாற்பது. வேறொருவன் தயாராகக் கட்டி வைத்திருந்த மென்பொருளை உஸ்மா அந்தக் கணினியில் தன் கோப்புறைக்குள் பிரித்து வைத்துவிட்டாள். அதுவோ முந்நூறாவது முறையாக, 'கிஷோரின் கோப்புறையைக் காணோம்' என்று அடம்பிடித்தது. அதைக் கட்டிய கிஷோர், தன் கோப்புறையின் விலாசத்தை அதன் வயிற்றிலேயே எழுதிவிட்டு வேறு ஊர் போய்விட்டவன்.

கணினியைப் புதையல் காக்கும் பூதம்போலக் காக்கும் எத்திராஜிடம் ஓடினாள்.

"சார், கிஷோர்னு ஒரு அக்கவுண்ட் தொறந்து குடுங்க."

"இன்னாம்மா, ஆளே இல்லாதவனுக்கு ஊடு கேக்குற? நாளைக்கு ரேஷன் கார்டும் கேப்ப!"

"ஊடு வேணாம் சார். கிஷோர்னு ஒரு போர்டு மாட்டுங்க, போதும். கதவைத் தொறந்தா என் ஊட்டுக்கு வரணும்."

டீ ஆறி, ஏடு படிந்து, பனிக்கட்டியாக உறையும்வரை எத்திராஜ் யோசித்தார். நாலு ஐம்பத்தேழுக்கு, கிஷோர் கோப்புறையைத் தேடினால் உஸ்மாவின் கோப்புறை திறக்கும்படி, ஒற்றை விரலால் ஒரு வரி தட்டினார். ஒவ்வொரு எழுத்தையும் கொரட்டூர் ஏரியில் முங்கி எடுத்தது போல.

உஸ்மா ஓட்டினாள். அவள் நெஞ்சு அடித்தது அம்பத்தூர்வரை கேட்டிருக்கும்.

'வணக்கம், கிஷோர். கணக்கீடு தொடங்கியது.'

"பாத்தியா, வணக்கம்கூட உனக்கு இல்ல," என்றார் எத்திராஜ். "ஆய்வேட்டு நன்றியுரைல அவன் பேரைப் போட்ரு. இல்லாங்காட்டி மிஷினு கோச்சிக்கும்."