நிருபமாவுக்கு எழுதிய பதில்

இரண்டாவது காபியைக் குடித்து முடித்துவிட்டு டேப்லட்டைத் திறந்தபோது, சென்னைப் பதிப்பகத்திலிருந்து சோனியா அனுப்பிய மின்னஞ்சல் பாகீரதிக்கு வந்திருந்தது. அவள் எழுதிய ‘தும்பிக் கூட்டம்’ வரிசையின் நாற்பத்திரண்டு சாகச நாவல்களும் ஒரே தொகுப்பாக வரப்போகின்றன. ஆசிரியரைப் பற்றி அவருடைய மகள் இரண்டு பக்கம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று அந்தப் பெண்தான் யோசனை சொல்லி, அம்ருதாவிடம் நேராகவே கேட்டு வாங்கியிருந்தாள். கட்டுரை நன்றாக வந்திருக்கிறதாம். நாலாவது பத்தியை மட்டும் மேடம் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாமாம்.

பாகீரதி எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படித்தாள். முதல் மூன்று பத்திகள் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை. நாலாவது இப்படி இருந்தது:

“எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாசகர் கடிதம் என்றால் அம்மா தவறாமல் பதில் போடுவாள். என் பெயரை எழுதவில்லை. அல்சூரில் இருந்த என் வகுப்புத் தோழி நிருபமாவின் பெயரையும் முகவரியையும் எழுதினேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள், அறையை விட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து நிருபமா ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இரண்டு பக்கம். அம்மா எனக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான். ‘உன்னைப் போல ஒரு பெண் எனக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்று அதை முடித்திருந்தாள்.”

அந்த வரி அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. பெண் குழந்தைகளுக்குப் பெண் என்றும் ஆண் குழந்தைகளுக்குப் பிள்ளை என்றும் மாற்றி, திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். ஒரு குழந்தையின் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஒருநாளும் தூங்கப் போனதில்லை என்று பேட்டிகளில் சொல்வாள். அது பொய்யும் இல்லை.

மல்லேஸ்வரம் பதினோராவது கிராஸில் இருக்கும் இந்த வீட்டின் பின்னறையில்தான் அத்தனை சாகசங்களும் நடந்தன. நான்கு பிள்ளைகளும் ஒரு கீரிப்பிள்ளையும் குகைகளுக்குள் புகுந்தார்கள். கடத்தல்காரர்களின் படகில் ஒளிந்துகொண்டு தீவுகளுக்குப் போனார்கள். பாகீரதி எந்த மலையிலும் ஏறியவள் அல்ல. எஸ்கலேட்டரில் கால் வைக்கவே யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு அறைக்குள் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். கணவர் கஸ்தூரிரங்கன் விதான சௌதாவில் அரசாங்க வேலை பார்த்தார். வந்ததும் குழந்தைக்கு டிபன் கொடுப்பார், ப்ராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போடுவார். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே படித்த அம்ருதாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துத் தமிழ் எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அம்மாவின் புத்தகங்களை அது படிக்க வேண்டுமே என்று சொல்வார். அவர் போய் எட்டு வருஷமாகிறது. அம்ருதாவின் பிறந்தநாளுக்கு வந்த சிநேகிதிகள் கூச்சல் போட்டபோது, எல்லோரையும் சாங்கி டேங்க் ஏரிக்கு அழைத்துப் போகும்படி அவரிடம் சொன்னது பாகீரதிக்கு நினைவிருந்தது. அன்று எழுதியது குகைக்குள் வெள்ளம் புகும் அத்தியாயம். நன்றாக வந்தது.

வேலைக்கு வரும் மகாவிடம் சொல்லி, பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டிகளை இறக்க வைத்தாள். ஐந்து பெட்டிகள் நிறையக் குழந்தைகளின் கடிதங்கள், வருஷவாரியாக நாடா கட்டி வைத்தவை. யாருடைய கடிதத்தைத் தேடுகிறீர்கள் என்று மகா கேட்டாள். ஒரு குழந்தையுடையது என்றாள் பாகீரதி. அன்று முழுதும் தேடினாள். மறுநாள் பகலில், எண்பத்தொன்பதாம் வருஷக் கட்டுக்குள், அது கிடைத்தது.

நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். மேலே இடது மூலையில் அவளுடைய சிவப்பு மை: ‘பதில் போட்டாயிற்று, 14-7-89.’ கீழே குண்டு குண்டான நீல எழுத்துகள். கீரிப்பிள்ளை என்ன சாப்பிடும் என்று கேட்டிருந்தது. பிறகு: ‘உங்கள் கதைகலில் அம்மா எப்போதும் முதல் அத்தியாயத்திளேயே ஊருக்குப் போய்விடுகிறாள். எப்போது திரும்பி வருவாள் என்று கடைசி வரை எழுதுவதே இள்லை. அதை நீங்கள் எனக்கு மட்டும் சொன்னால் போதும்.’ லகரமும் ளகரமும் இடம் மாறியிருந்தன.

ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இப்போதும் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியவில்லை. பெயரை வைத்துத்தான் எடுத்தாள். பெயரை மறைத்துவிட்டு அந்தக் கட்டுக்குள் இருந்த இருநூறு கடிதங்களையும் பரப்பி, இதில் உன் பெண்ணுடையது எது என்று கேட்டால், அவளால் சொல்ல முடியாது.

சனிக்கிழமை அவள் அம்ருதாவின் வீட்டுக்குக் கிளம்பினாள். சொல்லவில்லை, சொன்னால் கார் அனுப்புவாள், அல்லது இன்னொரு நாள் பார்க்கலாம் என்பாள். சம்பிகே ரோடில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோடில் மஞ்சள் லைனுக்கு மாறி, பொம்மசந்திராவில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். எஸ்கலேட்டரைத் தவிர்த்து லிஃப்டைத் தேடித் தேடிப் போனதில் இரண்டரை மணி நேரமாகிவிட்டது. சந்தாபுராவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடிக் கதவை அம்ருதா திறந்தாள். நாற்பத்தாறு வயது. முன்நெற்றியில் நரை.

“தனியாவா வந்தே?”

“மெட்ரோல வந்தேன்.”

அம்ருதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கணவன் சஞ்சய் மகள் அனன்யாவை நீச்சல் கிளாஸுக்கு அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னாள். அடுப்பில் எதையோ பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். ஹாலில் இருந்த புத்தக அலமாரியின் அடித்தட்டில் நாற்பத்திரண்டு நாவல்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் வெளிவந்த அன்றே கஸ்தூரிரங்கன் மகளுக்குக் கொடுத்த பிரதிகள். பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே இவற்றைப் படித்திருந்தால் அம்ருதாதான் படித்திருக்க வேண்டும். பாகீரதி குனிந்து பார்த்தாள். முதல் பதினொரு புத்தகங்களின் முதுகு நைந்து, செல்லோடேப் ஒட்டி, அதுவும் பழுப்பாகி உரிந்திருந்தது. பன்னிரண்டாவதிலிருந்து கடைசி வரை எல்லாம் புதிதாக இருந்தன. பன்னிரண்டாவதை உருவித் திறந்தாள். பசை விலகும் சத்தம் கேட்டது. அது எண்பத்தொன்பது தீபாவளிக்கு வந்த புத்தகம்.

அம்ருதா வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாகீரதி புத்தகத்தை இடத்தில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து அந்தக் கோடு போட்ட தாளை எடுத்து நீட்டினாள். மகள் அதை வாங்கினாள், படிக்கவில்லை. மூலையில் இருந்த சிவப்பு மையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“பேரைப் பாத்து.”

“ம்.”

பாகீரதி மல்லேஸ்வரத்திலிருந்து வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் அவற்றை மாற்றி மாற்றி அடுக்கியிருந்தாள். இப்போது அவை ஏதோ முன்னுரையில் வருவதுபோல் தோன்றின.

“எனக்கு ஞாபகமே இல்லை, அம்ருதா. இந்தக் கடுதாசி வந்தது, பதில் எழுதினது, ஒண்ணும் ஞாபகம் இல்லை.”

“தெரியும்மா.”

“அம்மா எப்போ திரும்பி வருவான்னு கேட்டிருக்கியே, அதுக்கு நான் என்ன எழுதினேன்?”

அம்ருதா யோசிக்கவே இல்லை. “அதுக்கு நீ பதில் எழுதலை. கீரிப்பிள்ளை என்ன சாப்பிடும்கறதுக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தே.”

அந்தப் பதில் கடிதத்தைத் தன்னிடம் காட்ட முடியுமா என்று பாகீரதி கேட்டாள். அம்ருதா முடியாது என்று தலையை மெதுவாக ஆட்டினாள். குரலில் கோபம் இல்லை.

“வேண்டாம்மா. அது நிருபமாவுக்கு வந்தது.”

கீழே எங்கோ லாரி பின்னோக்கி வரும் சத்தம். பிறகு அம்ருதா, அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னாலும் தனக்கு வருத்தமில்லை என்றும், சோனியா கேட்டபோது மனதில் முதலில் வந்ததை எழுதியதாகவும், யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை என்றும் சொன்னாள். பாகீரதி இருக்கட்டும் என்றாள். சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு போதுமா என்று மகள் கேட்டாள். போதும் என்றாள் தாய். அவரைக்காய் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நாலு மணிக்கு அம்ருதா காரில் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் விட்டாள். இறங்கும்போது பாகீரதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நிலையாக நின்ற பிறகும் சற்று நேரம் விடவில்லை. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நாலாவது பத்தி அப்படியே இருக்கட்டும், ஒரு வார்த்தையும் எடுக்க வேண்டாம் என்று சோனியாவுக்குச் செய்தி அனுப்பினாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்களை மாதிரி ஓர் அம்மா எனக்கு இருந்திருக்கலாம் என்று எழுதி, இதயப் படம் ஒன்றையும் போட்டிருந்தாள் அந்தப் பெண். பாகீரதி ஃபோனைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

கண்ணை மூடிக்கொண்டு, பத்து வயது அம்ருதாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். வந்தது வேணியின் முகம். தும்பிக் கூட்டத்தின் தலைவி. அட்டைப்படத்துக்காக ஓவியர் போட்டது. இரட்டைப் பின்னல், கையில் டார்ச், பயத்தில் விரிந்த கண்கள். அதைத் தள்ளிவிட்டு மறுபடி முயன்றாள். பச்சைப் பாவாடை ஒன்று வந்தது. அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி இருந்ததா? காதில் என்ன தோடு? எந்தக் கையால் எழுதும்? ஒவ்வொரு முறையும் வேணிதான் டார்ச்சை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

ஆர்.வி. ரோடில் ரயில் நின்று எல்லோரும் இறங்கினார்கள். சீருடைக்காரப் பெண் ஒருத்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “லாஸ்ட் ஸ்டேஷன் அம்மா, இளீரி” என்று இறங்கச் சொன்னாள்.

“ஒந்து நிமிஷா” என்றாள் பாகீரதி, கண்ணைத் திறக்காமல்.

எதிர்த்திசைக்குப் போகிறவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். காய்கறிப் பைகளும் குடைகளும் உரசின. பக்கத்து இடத்தில் ஏதோ ஒரு குழந்தை வந்து தொப்பென்று உட்கார்ந்தது. அதன் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடி, அவளுடைய புடவைக் கொசுவத்தின் மீது மெல்ல மெல்லப் பட்டுக்கொண்டிருந்தன.