மாமனார் அறையின் பூஜ்யம்

மாமனார் வீட்டுக்கு ஒயரிங் செய்வது வலியப் போய் வம்பை விலைக்கு வாங்குவது என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா என்ன? பத்து வருடமாக அவன் தொட்ட வேலைக்கெல்லாம் “அரைகுறை” என்று பட்டம் கொடுத்தவர் அந்த மனுஷர். மாமியார்தான் அவரோடு மல்லுக்கட்டி இந்த வேலையை மருமகனுக்கு வாங்கித் தந்தாள்.

இன்று சோதனை. மெயினை அணைத்து, எல்லா ப்ளக்கையும் பிடுங்கச் சொல்லியாயிற்று. இன்ஸ்பெக்டர் மெக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு கம்பிகளில் வைத்து அழுத்தினார். ஐந்நூறு வோல்ட்டை உள்ளே தள்ளி, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் கருவி அது. கூடம், சமையலறை எல்லாம் இருநூறு மெகா ஓம்; கசிவே இல்லை. மாமனார் அறைக்கு மட்டும் முள் பூஜ்யத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

“இப்படியே இருந்தா மெயினைப் போட விடமாட்டேன்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

இதோ மாமனாரிடமிருந்து “அரைகுறை” வரப்போகிறது என்று எலக்ட்ரீஷியன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வரவில்லை. அதுதான் அவனுக்கு இடித்தது. அறைக்குள் போனான். தரை வரைக்கும் போர்வையைத் தொங்கவிட்டு, கட்டிலில் மாமனார் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் எந்திரிங்க மாமா.”

“முட்டி வலி மாப்பிள்ளை.”

அவன் குனிந்து போர்வையை விலக்கினான். படிக்க விளக்கு வேண்டும் என்று அவர் அடம்பிடித்து வைக்கச் சொன்ன ப்ளக் பாயின்ட்டில் ஒரு கெட்டில். பக்கத்தில் காபித்தூள். சுவிட்சைக்கூட அணைக்கவில்லை; கெட்டிலின் சுருள் இரண்டு கம்பியையும் ஒன்றாக இணைத்துவிட்டிருந்தது. டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது.

மாமனார் கண்ணாலேயே கும்பிட்டார். பாவமாகத்தான் இருந்தது. சத்தமில்லாமல் ப்ளக்கைப் பிடுங்கினான்.

“இப்ப பாருங்க சார்!”

இருநூறு.

“என்ன கோளாறு?”

எலக்ட்ரீஷியன் அறையை விட்டு வெளியே வந்தான். “ஒரு கம்பியில தோலை அதிகமா சீவிட்டேன் சார். பக்கத்துக் கம்பியில பட்டுடுச்சு. என் தப்புதான்.”

மாமியார் முகம் சுருங்கிவிட்டது. “இவர் அரைகுறைன்னு சொன்னப்பல்லாம் உங்களுக்காகச் சண்டை போட்டேனே மாப்பிள்ளை.”

ஐந்நூறு வோல்ட் என்ன, அதைவிட அதிகமாகவே சுருக்கென்றது அவனுக்கு.

முட்டி வலியை மறந்து மாமனார் விறுவிறுவென்று வந்தார். கையில் கெட்டில்.

“எழுதிக்குங்க சார். மாப்பிள்ளை வேலையில ஒரு குறையும் இல்ல. கோளாறு இதுதான்.”

மாமியார் கெட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் பாதிக் கொதியில் நின்றிருந்தது.

“மெயினைப் போடுங்க மாப்பிள்ளை. உங்களுக்கும் சாருக்கும் காபி தரேன்,” என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு வெறும் வெந்நீர்.”